பஜ்ஜி போட வேண்டாம், வந்து உட்காருங்கள்

கேள்வி: நான் மதுரையில் இருக்கிறேன், வயது 44. கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு பேர் இருபது வருடம் கழித்து இப்போது ஒரே ஊரில் சேர்ந்திருக்கிறோம். மாதம் ஒரு நாள் கூடி விளையாடலாம் என்று பேசி, முதல் தடவை என் வீட்டில் வைத்தேன். வாழைக்காய் பஜ்ஜி, கேசரி, ராத்திரிக்குச் சப்பாத்தி குருமா என்று காலையிலிருந்தே வேலை. அவர்கள் தாயம் ஆடினார்கள், நான் அடுப்படியில் நின்றேன். இரண்டு பேர் பாதி நேரம் போனைத்தான் பார்த்தார்கள். ஒருத்தியின் காயை அவளுக்கு ரொம்ப நெருக்கமானவளே மூன்று தடவை வெட்டிவிட, 'தலை வலிக்குது' என்று பாதியில் கிளம்பிவிட்டாள். அடுத்த முறை ஆளுக்கு ஐம்பது ரூபாய் பந்தயம் வைத்தால்தான் சுவாரசியம் என்று இன்னொருத்தி சொல்கிறாள். எட்டு மணி தாண்டியதும் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆறாவது தோழி வரவே இல்லை. அவள் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. 'நான் வந்தா உங்க சந்தோஷம் கெட்டுப்போகும்' என்கிறாள். வருஷம் திரும்பட்டும் என்கிறார் மாமியார். மற்றவர்கள் வீட்டில் இடம் இல்லாததால் அடுத்த தடவையும் என் வீட்டில்தான். எப்படி நடத்துவது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். போன், பந்தயம், மாமியார், பாதியில் எழுந்து போன தோழி என்று நிறைய எழுதியிருக்கிறீர்கள், எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் முதலில் என் கண்ணில் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: 'அவர்கள் ஆடினார்கள், நான் அடுப்படியில் நின்றேன்.' இருபது வருடம் கழித்துச் சேர்ந்த தோழிகள் ஹாலில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், கூப்பிட்டவள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்கிறாள். எனக்குப் படிக்கவே கஷ்டமாக இருந்தது. அடுத்த தடவை முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரைக்கும் நீங்கள் உட்கார்ந்து ஆட வேண்டும். வேறு என்ன ஏற்பாடு செய்தாலும், இதற்கு இடைஞ்சலா இல்லையா என்று மட்டும் பாருங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

பன்னிரண்டு வருடமாக நம் ஊர் விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுப்பதைத் தொழிலாக வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம், அலுவலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு, சில சமயம் வளைகாப்பு வீடு என்று போவேன். திருச்சியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன், பத்துப் பெண்கள், நல்ல கலகலப்பு. கிளம்பும்போது வீட்டுக்கார அம்மா கையில் தோசைக்கரண்டியோடு வாசல் வரை வந்து 'யாருங்க ஜெயிச்சது?' என்று கேட்டார். அவருடைய வீட்டில், அவருடைய பாயில் மூன்று மணி நேரம் நடந்த ஆட்டம். அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படியைத்தான் எட்டிப்பார்க்கிறேன். 2024-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை பார்ப்பவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தாலே பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள் என்று வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஏற்கெனவே அங்கே போய்விடுகிறது. மாதத்தில் தோழிகளுக்கென்று ஒதுக்கிய ஒரே ஒரு சாயங்காலத்தையும் அங்கேயே கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமா?

அதனால் சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பஜ்ஜி சூடாக இருக்கும்போதுதான் பஜ்ஜி, அதனால் அதைப் போடுகிறவர் அடுப்பை விட்டு நகர முடியாது. போதாததற்கு எண்ணெய்க் கையோடு சீட்டைத் தொட்டால் ஒரே நாளில் கட்டு பிசுபிசுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விளையாடும் இடத்துக்கு வருகிற தின்பண்டம் ஒரு கையால் எடுக்கக்கூடியதாக, ஆறினாலும் கெடாததாக, கையில் ஒட்டாததாக இருக்க வேண்டும். வேகவைத்த கடலை, காரப்பொரி, முறுக்கு, ஸ்பூன் போட்ட கிண்ணத்தில் சுண்டல், இவ்வளவு போதும். மதுரையில் இருந்துகொண்டு குடிப்பதற்கு என்ன கொடுக்கலாம் என்று யோசிக்கவே வேண்டாம், சாயங்காலம் பருத்திப்பால் வண்டி எந்தப் பக்கம் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும், வருகிற தோழி ஒருத்தியிடம் தூக்கைக் கொடுத்து வாங்கிவரச் சொல்லுங்கள். ராத்திரிக்கு இட்லி, அதையும் கடையிலிருந்து வாங்கலாம். உங்கள் ஊரில் நேரம் காலம் இல்லாமல் இட்லி கிடைக்கும், அந்த வசதி எங்களுக்கெல்லாம் இல்லை. வாங்குகிற பணத்தை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள், 'என் வீட்டுக்கு வந்தவங்க கிட்ட காசு வாங்குறதா' என்று கூச்சப்படாதீர்கள். மாதாமாதம் உங்கள் வீட்டிலேயே நடக்கப்போகிறது என்றால் செலவும் வேலையும் ஒருவர் தலையில் விழக் கூடாது. முதல் மாதம் ஆசையாகச் செய்வீர்கள், மூன்றாவது மாதம் அலுப்பு வரும், ஐந்தாவது மாதம் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுவீர்கள். நன்றாக ஆரம்பித்த எத்தனையோ கூட்டங்கள் இப்படி நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். உங்கள் தோழிகள் போன் பார்த்ததற்குக் காரணம் அவர்களுக்கு ஈடுபாடு இல்லாதது என்று நினைக்கிறீர்கள். காயை இறக்குவதற்கு வேண்டிய தாயம், அதாவது ஒன்று, அவர்களுக்கு விழுந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம், ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் ஒன்று என்று வருவது, அதாவது ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும், இரண்டே இரண்டு விதம். எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. எட்டுத் தடவை உருட்டியும் தாயம் விழாமல் இருப்பவர் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் இருப்பார். நாலு பேர் ஆடும்போது, மற்றவர்கள் ஆறும் பன்னிரண்டும் (இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு) போட்டு மறுபடி மறுபடி உருட்டிக்கொண்டிருக்க, உங்கள் முறை வந்து எட்டுத் தடவை ஆக இருபது நிமிடம் கூட ஆகும். இருபது நிமிடம் ஒரு காயும் இறங்காமல் உட்கார்ந்திருப்பவள் போனை எடுக்காமல் வேறு என்ன செய்வாள்?

பாட்டி காலத்தில் இது ஒரு குறையாகத் தெரியவில்லை, மத்தியானம் முழுக்கத் தாயம் ஆட அவர்களுக்கு நேரம் இருந்தது. உங்களுக்கு இருப்பது மூன்று மணி நேரம். அதனால் தாயம் விழுந்தாலும் காய் இறங்கலாம், ஐந்து விழுந்தாலும் இறங்கலாம் என்று வையுங்கள். சில வீடுகளில் ஏற்கெனவே அப்படித்தான் ஆடுகிறார்கள். ஐந்தும் இரண்டு விதமாக விழும், ஆக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, காத்திருப்பு பாதியாகிவிடும். ஆளுக்கு நாலு காய் வேண்டாம், இரண்டு போதும். இரண்டு காயும் பழம் ஆனால், அதாவது சுற்றி முடித்து நடுவில் போய்ச் சேர்ந்தால், ஆட்டம் முடிந்தது. முக்கால் மணிக்குள் ஒரு ஆட்டம் முடிந்து, தோற்றவள் உடனே அடுத்த ஆட்டத்துக்குப் புதிதாக உட்கார்ந்துவிடலாம். வெட்டுப்பட்ட கோபம் அதிலேயே பாதி தீரும்.

அந்த வெட்டு விஷயம். தாயத்தில் சண்டை வருவது பெரும்பாலும் வெட்டியதற்காக வருவதில்லை, வெட்டின பிறகு 'எங்க வீட்டுல இப்படி இல்லையே' என்று ஆரம்பிப்பதில்தான் வரும். வெட்டினால் இன்னொரு தடவை உருட்டலாமா கூடாதா, ஒரு காயாவது வெட்டியிருந்தால்தான் உள்கட்டத்துக்குப் போக முடியுமா, வெட்ட முடியாத கட்டமான மலையில் இரண்டு பேர் காயும் சேர்ந்து இருக்கலாமா, இதெல்லாம் ஊருக்கு ஊர், ஏன், தெருவுக்குத் தெரு வேறு. உங்கள் ஆறு பேரும் ஆறு வீட்டில் வளர்ந்தவர்கள், ஆறு பேர் மனதிலும் ஆறு தாயம் இருக்கிறது. காயை அடுக்குவதற்கு முன்னால் ஒரு தாளில் நாலே நாலு வரி எழுதி நடுவில் வைத்துவிடுங்கள்: எது விழுந்தால் இறங்கலாம், எதற்கெல்லாம் மறுபோடு, வெட்டினால் மறுபோடு உண்டா, உள்ளே போக வெட்டு வேண்டுமா. எழுதுகிற ஐந்து நிமிடமே பெரிய சிரிப்பாக இருக்கும், ஒவ்வொருத்தியும் தன் பாட்டி சொன்னதுதான் சட்டம் என்பாள். ஆனால் காய் நகர ஆரம்பித்த பிறகு அதே பேச்சு வந்தால் கண்ணில் தண்ணீர் வரும். 'நீ ஏமாத்துற' என்று நாற்பது வயதில் ஒரு தோழி சொல்லக் கேட்பது பத்து வயதில் கேட்டது போலவே வலிக்கும், இதில் வயது ஒன்றும் உதவுவதில்லை.

இன்னொன்று, உங்கள் தோழியை வெட்டியவள் அவளுக்கு ரொம்ப நெருக்கமானவள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வேளை ஆட்டத்துக்கு முன்னாலேயே அவர்களுக்குள் ஏதாவது இருந்திருக்கலாம். துருவிக் கேட்க வேண்டாம். அடுத்த தடவை அவர்கள் இரண்டு பேரையும் ஒரே கட்சியில் போடுங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நிறக் காய், மாற்றி மாற்றி உருட்டட்டும். அவள் போட்ட ஆறில் இவள் காய் தப்பிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நான் சமாதானம் பேசி இணைத்ததை விட இப்படி ஆட்டத்தில் ஒரே பக்கம் உட்காரவைத்து இணைத்தவர்கள் அதிகம்.

ஆறு பேர் என்பது ஒரு சங்கடமான எண்ணிக்கை, தாயத்துக்கு நாலு பக்கம்தான். எல்லோரையும் ஒரே ஆட்டத்தில் இழுத்துப் பிடிக்க வேண்டாம். நாலு பேர் தாயம், பக்கத்திலேயே இரண்டு பேர் பல்லாங்குழி, ஒரு ஆட்டம் முடிந்ததும் ஆள் மாறிக்கொள்ளுங்கள். கடைசி அரை மணி நேரம் ஆறு பேரும் சேர்ந்து ஒன்று. அதற்குச் சீட்டில் கழுதை நன்றாக இருக்கும். இஸ்பேட் ஏஸ் வைத்திருப்பவர் ஆரம்பிக்க, அதே இனம் எல்லோரும் போட்டுக்கொண்டே வர, இனம் இல்லாதவர் வேறு சீட்டால் வெட்ட, அந்தச் சுற்றில் பெரிய சீட்டுப் போட்டவர் அத்தனையையும் அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசியில் கையில் சீட்டோடு நிற்பவர் கழுதை. சீட்டே வேண்டாம் என்கிற வீடானால் ஆறு துண்டுத் தாளில் ராஜா, ராணி, மந்திரி, சிப்பாய், போலீஸ், திருடன் எழுதி மடித்துக் குலுக்கிப் போடுங்கள். போலீஸ் சீட்டு வந்தவள் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத் திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். இருபது வருடப் பழக்கத்தில் யார் பொய் சொன்னால் மூக்கு விடைக்கும் என்று ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் இதை ஆடும்போது வருகிற சத்தத்தைக் கேட்க வேண்டும்.

பாட்டுக்குப் பாட்டு வேண்டாம் என்பேன், குறைந்தது முதல் சில மாதங்களுக்கு. நன்றாகப் பாடுகிற ஒருத்தி இருந்தால் மற்ற ஐந்து பேரும் ரசிகர்கள் ஆகிவிடுவார்கள். தம்போலாவும் வேண்டாம், 15 எண் உள்ள சீட்டை வைத்துக்கொண்டு தலை நிமிராமல் 90 எண்ணைக் கேட்டுக்கொண்டிருப்பது நாற்பது ஐம்பது பேர் கூடும் விழாவுக்குச் சரி, ஆறு பேருக்குள் பேச்சை அது கொன்றுவிடும். பேசிக்கொண்டே ஆட முடிகிற ஆட்டமா என்று பாருங்கள். நீங்கள் கூடுவதே பேசத்தான், கைக்கு ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும்.

பந்தயத்துக்கு என் பதில் ஒரேயடியாக வேண்டாம் என்பதுதான். ஐம்பது ரூபாய் பெரிய தொகை இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம், ஆறு பேரில் ஒருத்திக்கு இந்த மாதம் அது பெரிதாக இருக்கலாம், அதை அவள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், அடுத்த மாதம் 'பொண்ணுக்குப் பரீட்சை' என்று வராமல் இருந்துவிடுவாள். பணம் வந்துவிட்டால் ஜெயித்தவள் சிரிப்பதும் வேறு மாதிரி தெரியும். அதைக் கேட்ட தோழிக்கு வேண்டியது விறுவிறுப்பு, அது நியாயமான ஆசை. அவளுக்கு ஆடுபுலி ஆட்டம் வரைந்து கொடுங்கள். ஒரு பக்கம் மூன்று புலி, மறுபக்கம் பதினைந்து ஆடு. கட்டை உருட்டுவது, அதிர்ஷ்டம் எல்லாம் இதில் கிடையாது, முழுக்க மூளை. புலியை நகரவிடாமல் அடைத்தால் ஆட்டுக்காரிக்கு வெற்றி, ஆடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வெட்டிக்கொண்டே போனால் புலிக்காரிக்கு. புலியை வைத்து ஆடிவிட்டு அடுத்த ஆட்டம் பக்கம் மாறி ஆட்டை வைத்து ஆடச் சொல்லுங்கள், ஐம்பது ரூபாயைப் பற்றி அப்புறம் அவள் பேச மாட்டாள்.

இடம் ஏற்பாட்டில் இரண்டு சின்ன விஷயம். டைல்ஸ் தரையில் பித்தளைக்கட்டையை உருட்டினால் அந்தச் சத்தம் அடுத்த அறையில் படுத்திருப்பவர் தலையில் அடிப்பது போலக் கேட்கும், கட்டையும் வழுக்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய்விடும். உருட்டுகிற இடத்தில் ஒரு கோரைப்பாயோ இரண்டாக மடித்த பழைய போர்வையோ விரித்துவிட்டால், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தேய்த்து விடும்போது 'டக்' என்று ஒரு அடங்கிய சத்தத்தோடு நிற்கும், கேட்கவே நன்றாக இருக்கும். அப்புறம், நாற்பதைத் தாண்டினவர்களுக்கு இரண்டு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்வது எல்லோருக்கும் முடியாது. முட்டி வலி உள்ளவள் அதைச் சொல்லாமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பாள். தாயத்தைத் தரையில் சாக்பீஸால் வரைவது அழகுதான், ஆனால் ஒரு பழைய வேட்டித் துணியில் மார்க்கரால் வரைந்துகொண்டால் தரையிலும் விரிக்கலாம், சாப்பாட்டு மேஜையிலும் விரிக்கலாம்.

போனுக்குக் கூடை வைத்து எல்லோரிடமும் வாங்கிப் போடுகிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது, எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஒருத்திக்கு டியூஷன் முடிந்து மகன் கூப்பிடுவான், இன்னொருத்திக்கு அம்மா வீட்டில் தனியாக இருப்பார். மணி அடித்தால் கேட்கிற தூரத்தில் ஒரு தட்டில் கவிழ்த்து வைத்தால் போதும். ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: படம் எடுத்தால் உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேட்டஸில் போட வேண்டாம். தலை கலைந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் படத்தை நாத்தனாரும் அலுவலக மேலாளரும் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் அடுத்த தடவை யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

மாமியார். 'அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்று உங்களுக்குப் பலர் சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தோழிகளோடு பேசுகிற பேச்சு வேறு, மாமியார் முன்னால் பேசுகிற பேச்சு வேறு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது அவருடைய வீடும்தான். அவர் முகம் மாறியது எட்டு மணிக்கு மேல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எட்டு மணி அவர் சாப்பிடுகிற நேரமா, மாத்திரை போடுகிற நேரமா, படுக்கிற நேரமா? அதை முதலில் பாருங்கள். நாலு நாள் முன்னாலேயே அவரிடம் நேராகச் சொல்லுங்கள், 'சனிக்கிழமை நாலரைக்கு வருவாங்க அத்தை, ஏழரைக்குக் கிளம்பிடுவாங்க, உங்களுக்கு ஏழு மணிக்கே இட்லி வந்துடும்' என்று. சொன்ன ஏழரைக்கு ஆட்டம் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். இரண்டு மாதம் சொன்ன நேரத்துக்கு முடிந்தால் மூன்றாவது மாதம் அவருக்கு அது பழகிவிடும். வந்தவர்கள் முதலில் அவரிடம் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசட்டும். அவராகவே பல்லாங்குழிப் பக்கம் வந்து உட்கார்ந்தால் இடம் விடுங்கள், ஒரு ஆட்டம் ஆடிவிட்டு எழுந்து போவார். கிழமை சனியே நல்லது. ஞாயிறு கறி எடுத்துச் சமைத்து, பாத்திரம் துலக்கி முடித்த அசதியில் யாருக்கும் விளையாட உடம்பு வராது, வெள்ளிக்கிழமை விளக்கு, கோயில் என்று ஆளுக்கு ஒரு வேலை இருக்கும். உங்கள் கணவரிடமும் அந்த மூன்று மணி நேரம் வீட்டையும் அவர் அம்மாவையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கடிதத்தில் அவர் எங்கேயும் வரவில்லை, அதனால்தான் ஞாபகப்படுத்துகிறேன்.

இனி அந்த ஆறாவது தோழி.

கூப்பிடுங்கள். வருஷம் திரும்பும் வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் நாலு மாதம் அவளை விட்டுவிட்டு ஐந்து பேராகக் கூடிப் பழகிவிட்டால், அப்புறம் அவள் வரும்போது விருந்தாளியாகத்தான் வருவாள். 'நான் வந்தா உங்க சந்தோஷம் கெட்டுப்போகும்' என்பதை வர விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த எட்டு மாதத்தில் நல்ல காரியம் நடந்த எத்தனை வீடுகளில் அவள் ஒதுங்கி நின்றாளோ, ஒதுக்கி வைக்கப்பட்டாளோ, அதிலிருந்து வந்த பேச்சு அது. உங்கள் வீட்டிலும் அப்படியா என்று அவள் உங்களைக் கேட்கிறாள். அதற்கு 'அப்படியெல்லாம் இல்லடி' என்று போனில் சொல்வது போதாது. சனிக்கிழமை நாலு மணிக்கு ஒருத்தி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். 'அரை மணி நேரம் இரு, பிடிக்கலைன்னா நானே கொண்டுவந்து விடுறேன்' என்று சொல்லிக் கூட்டிவர வேண்டும், அவள் கிளம்புகிறேன் என்றால் மறுபேச்சு பேசாமல் கொண்டுபோய் விடவும் வேண்டும். வருஷம் திரும்பட்டும் என்று மாமியார் சொன்னது பழக்கத்தில் வந்த வார்த்தை, அவரிடம் வாதம் செய்ய வேண்டாம், 'அவளை நான் கூப்பிட்டிருக்கேன் அத்தை' என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவள் வாசலுக்கு வரும்போது அவர் காதில் விழ வேண்டிய முதல் செய்தியாக அது இருக்கக் கூடாது.

வந்தவளை நாலு பேர் சுற்றி உட்கார்ந்த தாயத்தில் உடனே உட்காரவைக்காதீர்கள். பல்லாங்குழியில் உட்காரவையுங்கள், எதிரே நீங்கள் உட்காருங்கள். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டே பேர் ஆடுவது, கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் கிடையாது, இரண்டு பேரும் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ளி, மறுபடியும் போட்டுக்கொண்டே போய், வெறுங்குழி வந்தால் அதைத் துடைத்து அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். நடுவில் எந்தக் குழியில் நாலு சேர்ந்தாலும் அது பசு, அந்தப் பக்கத்துக்காரி எடுத்துக்கொள்ளலாம். மனசு எங்கேயோ இருந்தாலும் விரல் தானாகப் போட்டுக்கொண்டே போகும். நான் போன இடங்களில், துக்கத்தில் இருக்கிற பெண்கள் வாயைத் திறந்து முதல் வார்த்தை பேசியது பெரும்பாலும் இப்படிக் குழியைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதுதான். பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் 'உன் பக்கம் பசு விழுந்திருக்கு பாரு' என்று மட்டும் சொல்லுங்கள். அழுதால் ஹாலில் எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவளைச் சுற்றி நிற்க வேண்டாம், அது அவள் பயந்ததையே உண்மையாக்கிவிடும். நீங்கள் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் போதும், மற்ற நாலு பேரும் உருட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கட்டும். அவள் சிரித்துவிட்டால் அதைப் பார்த்து 'பரவாயில்லையே, சிரிச்சுட்டாளே' என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு வார்த்தையில் சிரித்ததற்கே குற்றமாக நினைத்துக்கொள்வாள்.

ஒன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள். சீட்டெடுத்துக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஆட்டங்கள் இப்போது நிறைய வருகின்றன, 'உங்க வீட்டுக்காரர் கிட்ட உங்களுக்குப் பிடிக்காதது என்ன' மாதிரி. இந்தத் தடவை மட்டும் என்றில்லை, எப்போதுமே உங்கள் கூட்டத்துக்கு அது வேண்டாம் என்பேன். ஆறு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அந்தச் சீட்டுக்குத் தெரியாது.

பல்லாங்குழிக் கட்டை உங்கள் வீட்டில் இல்லையென்றால் கவலைப்படாதீர்கள், அம்மா வீட்டுப் பரணில் மீன் மாதிரி மடக்குகிற பழைய கட்டை கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், சில வீடுகளில் சீரோடு வந்தது அப்படியே தூங்கும். அதுவும் இல்லாவிட்டால் பதினாலு சின்னக் கிண்ணம் போதும். சோழி வாங்க அலைய வேண்டாம், குன்றிமணி வேண்டவே வேண்டாம், பார்க்க அழகாக இருந்தாலும் அது விஷம், யாராவது சின்னப் பிள்ளையைக் கூட்டிவந்தால் ஆபத்து. அடுத்த தடவை சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது கொட்டையைத் தூக்கிப் போடாமல் கழுவி வெயிலில் காயவையுங்கள். எழுபது வேண்டும், எண்பதாக எடுத்து வையுங்கள், ஆட்டம் முடியும்போது நாலைந்து எப்படியும் சோபாவுக்கு அடியில்தான் இருக்கும்.